பம்படியில் கழிந்த லெந்து நாட்கள்

2019 மார்ச் 6, சாம்பல் புதன்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலமான லெந்தின் முதல் நாள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டும் என்று ஒரு வாரமாகவே மனதில் வைத்திருந்தேன். நாலரைக்கு எழுந்தும்விட்டேன். ஆனால் போய் நின்ற இடம் வேறு. சென்னை அயனாவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்வாசலில், கை பம்பு பக்கத்தில், நாலு பிளாஸ்டிக் குடத்தோடு நின்றேன்.

எங்கள் தெருவில் அப்போது மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. வந்தாலும் முக்கால் மணி நேரம். அந்த வளாகத்தில் நாலு குடித்தனம், ஒரே பம்பு. அந்த வருஷம் ஜூன் மாதம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு ஊரே குடத்தோடு தெருவுக்கு வந்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்களுக்கு அந்தக் கஷ்டம் மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.

குடங்களை மாடிக்குத் தூக்கி வைத்து, பிளஸ் டூ பரீட்சை எழுதும் மகனை அனுப்பி, அத்தைக்கு இட்லியும் மாத்திரையும் கொடுத்து, ஆபீசுக்கு ஓடினேன். மாலை ஆராதனையில் யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து வாசித்தார்கள். "நீங்கள் உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து, உங்கள் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்புங்கள்." நான் பின்வரிசையில் உட்கார்ந்து, நாளை மறுநாள் தண்ணீர் வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே இப்படி என்றால் மீதி முப்பத்தொன்பது நாள் என்ன ஆகும் என்று அழுகையே வந்துவிட்டது.

அதற்கு முந்தைய வருஷங்களும் நன்றாகப் போனதில்லை. ஒரு வருஷம் நாற்பது நாளில் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்கப் போவதாகத் தீர்மானித்தேன். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை 1189 அதிகாரம். ஒரு நாளைக்கு முப்பது அதிகாரம் வாசிக்க வேண்டும். நாலாம் நாள் லேவியராகமத்துக்குள் போனேன், அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு வருஷம் சபைப் பெண்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்தோம். அன்றன்றைய பகுதியை வாசித்து முடித்ததும் ஒரு டிக் போட வேண்டும். நான் டிக் போடுவதற்காகவே வாசித்தேன். ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருவிளக்கின் கீழே நின்று இரண்டு அதிகாரத்தைக் கண்ணால் ஓட்டிவிட்டு டிக் போட்டேன். வாசித்தது எந்தப் புத்தகம் என்று மறுநாள் காலை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் புதன்கிழமை ராத்திரி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஏட்டி, தண்ணி அடிக்கையில கைக்குத்தான வேல? வாய் சும்மாதான இருக்கு. ஒரு வசனத்த சொல்லிக்கிட்டே அடியேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்று அது ஒரு சமாதானப் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் வேறு வழி இல்லாததால் அதையே செய்து பார்த்தேன். ஏழு வருஷமாக லெந்து நாட்களை நான் அனுசரிக்கும் விதம் அங்கிருந்துதான் வந்தது.

செய்தது இதுதான். யோவான் சுவிசேஷத்தை எடுத்துக்கொண்டேன். 21 அதிகாரம். கடைசி இரண்டு அதிகாரமும் உயிர்த்தெழுதலுக்குப் பிறகு நடப்பவை, அவற்றை ஈஸ்டருக்குப் பிறகு வாசிக்கலாம் என்று ஒதுக்கினேன். மீதி 19 அதிகாரத்தை ஒரு நாளைக்குப் பாதி அதிகாரம் என்று வைத்தால் 38 பங்கு. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள், அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் அதை உபவாச நாளாக எண்ணுவதில்லை. அப்படித்தான் நாற்பது வருகிறது. ஆக 38 பங்குக்கு நாற்பது நாள், இரண்டு நாள் கையில் மிச்சம். முதல் முறையாக லெந்துக்கு என்னால் முடிகிற ஒரு கணக்கு கிடைத்தது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், ஆனாலும் அதுவரை இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்ததில்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். மகனுக்குப் பரீட்சை என்பதால் பத்து நிமிஷத்துக்கு மேல் போகாது. அங்கே மறுநாளைக்கான பாதி அதிகாரத்தைச் சத்தமாக வாசிப்போம். வாசிக்கும்போது எந்த வசனத்தில் மனம் நிற்கிறதோ அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் கையால் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரே வசனம். விடிந்ததும் அந்த வசனத்தோடு பம்படிக்குப் போவேன். தண்ணீர் வராத நாளில் அதே நேரத்துக்கு எழுந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அதையே மெதுவாகச் சொல்லுவேன்.

பம்பில் தண்ணீர் அடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பம்பு முதலில் தண்ணீரை இழுக்காது. எவ்வளவு அடித்தாலும் கடக் கடக் என்று காற்றுதான் வரும். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே இருக்கும் வாஷர் நனைந்து பிடித்துக்கொண்டதும் கைப்பிடியில் கனம் தெரியும். அதற்குப் பிறகு தண்ணீர் தானாக ஏறும். அதனால் ஒவ்வொரு நாளும் கடைசிக் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்து மறுமுறைக்கென்று தனியாக வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவோம்.

ஜெபம் வராத நாட்களில் எனக்கு இது மிகவும் உதவியது. வாயைத் திறந்தால் ஒன்றும் வராது, மனம் முழுக்க ஆபீசும் வாடகையும் ஓடும். அப்படிப்பட்ட நாளில் நானாக வார்த்தை தேடுவதை விட்டுவிட்டேன். முதலில் ஒரு சங்கீதத்தை ஊற்றுவேன். பாவ அறிக்கைச் சங்கீதங்கள் என்று சபை பழைய காலத்திலிருந்தே சொல்லிவரும் ஏழு உண்டு: 6, 32, 38, 51, 102, 130, 143. லெந்து நாட்களுக்கு அவை போதும். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று 130-ஐத் தொடங்கினால், இரண்டாவது மூன்றாவது வசனத்துக்குள் என் சொந்தக் கவலை தானாக வெளியே வரும். வராத நாளும் உண்டு. அன்று சங்கீதமே ஜெபம், அதோடு ஆமென் சொல்லி எழுந்துவிடுவேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வளாகத்தில் பின்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாலைந்து வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். எங்கள் மார்க்கம் இல்லை. ஜனவரி மாதம் பம்படியில் அவருக்கும் எனக்கும் வாக்குவாதம். என் முறையில் அவர் இரண்டு குடம் கூடப் பிடித்துவிட்டார் என்று நான் சண்டை பிடித்தேன். அவர் இல்லை என்றார். அப்போது நான், நாலு குடித்தனக்காரர்களும் நிற்க, "எண்ணத் தெரியாதவங்ககிட்ட என்ன பேச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் பள்ளிக்கூடமே போகாதவர், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் பதில் பேசாமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை.

மார்ச் 13, புதன்கிழமை. ஏழாவது பங்கு, யோவான் நாலாம் அதிகாரத்தின் முற்பாதி. சமாரியப் பெண். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் தொடங்கி எத்தனையோ தரம் கேட்ட பகுதி. ஆனால் இடுப்பில் குடத்தின் ஈரம் காயாமல் அதை வாசித்தது அதுதான் முதல் தடவை.

இயேசு பிரயாணத்தில் இளைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். "அப்பொழுது ஏறக்குறைய ஆறாம்மணி வேளையாயிருந்தது." ஆறாம் மணி என்றால் நம் கணக்கில் உச்சி வெயில் பன்னிரண்டு மணி. அந்த ஊரில் பகலைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். வெகுகாலம் அதைச் சாயங்காலம் ஆறு மணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு யார் தண்ணீர் எடுக்க வருவார்? கூட்டம் இருக்கும் நேரத்தில் வர விரும்பாதவள் வருவாள் என்று பிரசங்கங்களில் சொல்லுவார்கள். வேதத்தில் அந்தக் காரணம் எழுதியில்லை. ஆனால் பம்படியில் யார் முகத்தையாவது தவிர்க்க வேண்டும் என்று நேரம் பார்த்து இறங்கியவர்களுக்கு அது புரியும். அந்த இரண்டு மாதமும் நான் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்பது: "தாகத்துக்குத் தா." பழைய மொழிபெயர்ப்பில் இரண்டே சொல். தண்ணீர் என்ற வார்த்தைகூட அதில் இல்லை. கத்தோலிக்கத் தோழி ஒருவர் கொடுத்த திருவிவிலியமும் வீட்டில் இருந்தது, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் குடிக்கத் தண்ணீர் கேட்பதாக நேராகவே இருக்கும், அர்த்தம் சட்டென்று விளங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்லது. ஒன்று விளங்க வைக்கும், இன்னொன்று நாக்கில் நிற்கும். என் நாக்கில் நின்றது இந்த இரண்டு சொல்தான்.

அந்தப் பெண் சொல்லும் பதில்களும் எனக்கு நெருக்கமாக இருந்தன. "மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரமில்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே" என்கிறாள். தினம் தண்ணீர் சுமக்கிறவளின் கண் முதலில் பாத்திரத்தைத்தான் பார்க்கும். பிறகு, எனக்குத் தாகம் எடுக்காதபடிக்கும், மொண்டுகொள்ள நான் இங்கே வராதபடிக்கும் அந்தத் தண்ணீரைத் தாரும் என்று கேட்கிறாள். அவளுக்கு விஷயம் புரியவில்லை என்று பிரசங்கிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வரியில் தொண்டை அடைத்தது. நாலாவது குடத்தோடு மாடிப்படி ஏறும்போது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்: ஆண்டவரே, இங்கே வராதபடி ஏதாவது செய்யும்.

அந்தப் பகுதியைத் தாண்ட முடியவில்லை. கையில் இருந்த இரண்டு நாள் மிச்சத்தையும் அங்கேயே செலவழித்து, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் "தாகத்துக்குத் தா" என்ற ஒரே வசனத்தில் இருந்தேன். வியாழன் அன்று நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: "பின்வீட்டு அக்காவிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும். ஈஸ்டருக்கு அவர்கள் வீட்டுக்குப் பிரியாணி கொடுக்க வேண்டும்." அதாவது கொடுக்கிற இடத்தில் நான் இருப்பேன், வாங்குகிற இடத்தில் அவர் இருப்பார். எழுதும்போது அதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

வியாழன் ராத்திரி அத்தைக்கு உடம்பு முடியாமல் போனது. அவர்களுக்குச் சர்க்கரை. லெந்து வெள்ளி என்பதால் உபவாசத்துக்கு ஆயத்தமாக ராத்திரிச் சாப்பாட்டை எங்களிடம் சொல்லாமலே விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஒரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ பிடித்து, டாக்டரிடம் காட்டித் திரும்பும்போது மூன்றரை. (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சாப்பிட்டார்களா என்று கண்ணால் பாருங்கள். கறி, மீனை விடுவதும் டிவியை நிறுத்துவதும் உபவாசம்தான். அதை எங்கள் ஆயரே அத்தைக்கு வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னார்.)

அசந்து தூங்கிவிட்டேன். கீழே இறங்கும்போது ஐந்தரை. கைப்பிடியை அடித்தால் காற்று. தண்ணீர் நின்றுவிட்டது. மாடியில் குடிக்க ஒரு சொம்புகூட இல்லை, முந்தின நாள் வர வேண்டிய கேன் தண்ணீரும் வரவில்லை. பம்படியில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பின்வீட்டு அக்கா, நிரம்பிய குடங்களின் வாயில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாளாக வாயில் இருந்த வசனம் அப்போது என் முன்னால் வந்து நின்றது. இயேசு அந்தப் பெண்ணிடம் எதையும் கொடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கவில்லை. கேட்டுத்தான் தொடங்கினார். யூதர் சமாரியரோடு சம்பந்தம் கலவாதவர்கள் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு சமாரியப் பெண்ணின் பாத்திரத்திலிருந்து குடிக்கத் தயாராக, தாகம் உள்ள மனுஷனாக உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குக் கால் நடுங்கியது. "அக்கா, வீட்டுல சுத்தமா தண்ணி இல்ல. அத்தைக்கு ராத்திரி முடியாமப் போச்சு. ஒரு குடம் தர முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு இரண்டு குடத்தை நகர்த்தி எங்கள் படிக்கட்டின் பக்கம் வைத்துவிட்டு, "ரெண்டு இருக்கு, எண்ணிக்கோ" என்றார்.

அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அக்கா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தெரிஞ்சேதான் பேசினேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "தண்ணிய எடுத்துனு போ, பெரியம்மா காத்துனு இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்து அழவில்லை, ஒரே நாளில் சிநேகமாகவும் இல்லை. இரண்டு நாள் கழித்து முறை வந்தபோது, "பெரியம்மா எப்படி இருக்குது?" என்று கேட்டார். அது போதுமானதாக இருந்தது. அன்று ராத்திரி நோட்டில் பிரியாணி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே "கேட்டேன், கொடுத்தார்" என்று எழுதினேன்.

லெந்து என்றால் எதை விடுவது, எதைக் கொடுப்பது என்றுதான் அதுவரை என் மனம் ஓடும். காணிக்கை உறை, பூ வைக்காமல் இருப்பது, ஏழைகளுக்கு அரிசி எல்லாம் வேண்டும்தான், இன்றும் செய்கிறேன். ஆனால் அதிலெல்லாம் நான் மேலே நிற்கிறேன். வசனம் என்னைக் கீழே இறக்கி, நான் புண்படுத்தியவரிடமே கையேந்த வைத்தது. ஒரு நாளைக்கு முப்பது அதிகாரம் வாசித்த வருஷம் இது நடக்கவில்லை. இரண்டே சொல்லோடு மூன்று நாள் நின்ற வருஷம்தான் நடந்தது.

அதனால் யாராவது என்னிடம் லெந்துக்கு எப்படி வாசிக்கலாம் என்று கேட்டால், முதலில் அளவைக் குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்கு சுவிசேஷம் நல்லது. 16 அதிகாரம், 678 வசனம், நாற்பதால் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினேழு வசனம். பத்து நிமிஷம்கூட ஆகாது. மீதி நேரத்தை ஒரே வசனத்துக்குக் கொடுங்கள். அதைக் கையால் எழுதுங்கள். போனில் காப்பி செய்து ஸ்டேட்டஸில் வைத்தால் அது மற்றவர்களுக்குப் போய்விடுகிறது, நமக்கு நிற்பதில்லை. அன்றாடம் தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு அதை இணைத்துவிடுங்கள். கடிகாரத்தோடு கட்டினால் ஒரு நாள் தவறும்போது எல்லாம் அவிழ்ந்துவிடும். எனக்குப் பம்பு. என் தங்கைக்குத் தாம்பரம் ரயிலில் சைதாப்பேட்டை முதல் பல்லாவரம் வரை. அவள் அதற்கு முன்னும் பின்னும் போனை எடுப்பாள், அந்த இடைவெளியில் எடுக்க மாட்டாள்.

நாள் தவறினால் இரட்டிப்பாக வாசித்து ஈடு கட்டப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு அன்றைக்கு உள்ளதை வாசியுங்கள். நான் விட்டதையெல்லாம் ஞாயிறு மதியம் நிதானமாக ஒரு தடவை வாசித்துவிடுவேன், எழுதுவதில்லை. கடன் சுமக்கிற மனதோடு வேதத்தைத் திறந்தால் முதலில் கேட்பது நம் குற்றவுணர்வின் சத்தம்தான்.

மனம் அலைவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கும் அலையும். இப்போது அதோடு சண்டை போடுவதில்லை. எங்கே போகிறதோ அதையே ஒரு வரி ஜெபமாக்கிவிட்டு வசனத்துக்குத் திரும்புவேன். வாடகை ஞாபகம் வந்தால், ஆண்டவரே, வாடகை. மகன் ஞாபகம் வந்தால், ஆண்டவரே, அவன் கணக்குப் பரீட்சை. பெரும்பாலும் மனம் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் நான் ஜெபிக்க வேண்டியதும் இருக்கிறது.

அந்த லெந்தில் ஒரு வெள்ளிக்கிழமை கத்தோலிக்கத் தோழியோடு பரங்கிமலைக்குப் போயிருந்தேன். படிக்கட்டு ஓரத்தில், இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப் பாதையின் 14 நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் நின்று, முழங்கால் போட்டு, எழுந்து ஏறுகிறார்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனால் உடம்பும் சேர்ந்து ஜெபிக்கலாம் என்பது குடம் தூக்கிப் பழகிய எனக்குச் சுலபமாகப் புரிந்தது. மேலே போனதும் விமான நிலையம் வரை தெரிந்தது, நல்ல காற்று. வியர்வை அடங்கும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த வருஷம் மார்ச் 25-இல் ஊரடங்கு வந்து ஆலயம் மூடியபோது, ஏப்ரல் 10 புனித வெள்ளியை நாங்கள் வீட்டுக்குள்ளேயே ஆசரித்தோம். பலர் தவித்துப்போனார்கள். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனத்தின்படி வாழ அதற்கு முந்தின வருஷமே கொஞ்சம் பழகியிருந்ததால் நாங்கள் தடுமாறவில்லை. அத்தை சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

2019-க்கே திரும்புகிறேன். புனித வெள்ளி ஏப்ரல் 19. பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை மும்மணி ஆராதனை. வெயில் கொளுத்தியது. மின்விசிறி ஓடியும் ஆலயத்துக்குள் எல்லார் கையிலும் விசிறி அசைந்தது. ஐந்தாம் வார்த்தைக்கு வந்தார்கள்: "தாகமாயிருக்கிறேன்." எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. யோவான் மட்டும்தான் இந்த வார்த்தையை எழுதியிருக்கிறார். கிணற்றடியில் அவர் தண்ணீர் கேட்டதை எழுதியவரும் அவரே. அங்கேயும் ஏறக்குறைய ஆறாம் மணி. பிலாத்து அவரை ஜனங்கள் முன் கொண்டுவந்து நிறுத்திய நேரத்தையும் யோவான் ஆறாம் மணி என்றே குறிக்கிறார். கிணற்றருகே கேட்டவருக்கு அந்தப் பெண் கொடுத்தாளா இல்லையா என்று எழுதப்படவில்லை. சிலுவையில் கேட்டவருக்குக் காடியைக் கொடுத்தார்கள். நாற்பது நாளாகச் சிறிது சிறிதாக வாசித்து வந்திராவிட்டால் இந்த இரண்டு தாகத்தையும் நான் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டேன். அடுத்த நாள் காலை, சனிக்கிழமை, கடைசிப் பங்காக அவரைத் தோட்டத்துக் கல்லறையில் வைத்தது வரை வாசித்து நோட்டை மூடினேன்.

அந்த நோட்டில் பத்தாம் நாள் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி, பதில் எழுதாமல் விட்டிருந்தேன். நாலாம் அதிகாரத்தின் பிற்பாதி. "அப்பொழுது அந்த ஸ்திரீ, தன் குடத்தை வைத்துவிட்டு, ஊருக்குள்ளே போய்..." எதற்காகக் குடத்தை வைத்துவிட்டுப் போனாள்? தண்ணீர் எடுக்கிற எவரும் குடத்தை அப்படி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். போனால் முறை போய்விடும். சில நாள் குடமே போய்விடும்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை நாலரை மணிக்கு. அன்று எங்களுக்குத் தண்ணீர் வரும் நாளும்கூட. ஆலயத்துக்குப் போனால் இரண்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நாலு குடத்தோடு கீழே வந்து நின்றேன். அத்தையும் மகனும் என் கணவரும் வாசலில் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். பின்வீட்டு அக்கா பம்பில் சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். என் புடவையைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார்.

"இன்னிக்கு உங்களுக்குப் பண்டிகைதான? குடத்த வெச்சுட்டுக் கெளம்பு. நான் புடிச்சு வெக்கிறேன்."

நாலு குடத்தையும் பம்படியில் வரிசையாக வைத்துவிட்டு ஆட்டோவுக்கு நடந்தேன்.